டெக் பயணிகளும் நமது அந்நியமாதலும்

தமிழ்ப் புதுக்கவிதையில் கடல் மலிந்துவிட்டது. ஊர் எல்லையைத் தாண்டாத கவிஞன் கப்பலேறுகிறான். மாதச் சம்பளம் கைக்கு வந்த மறுநாள் தன்னை அகதி என்று அறிவித்துக்கொள்கிறான். 'அந்நியமாதல்' என்ற சொல் ஒரு காலத்தில் நம் சிறுபத்திரிகைகளில் விவாதத்துக்குரிய கருத்தாக நுழைந்தது. மார்க்ஸ் சொன்னது என்ன, ஸார்த்தர் சொன்னது என்ன என்று சண்டையாவது நடந்தது. இன்று அது கருத்து அல்ல, மனோபாவம்கூட அல்ல. விசேஷங்களுக்குப் பெட்டியிலிருந்து எடுத்து உடுத்திக்கொள்ளும் ஒரு உடை.

இதைச் சொன்னால் இரண்டு பக்கங்களிலிருந்து பதில் வரும். அகத்தில் நேரும் நாடிழப்பும் நாடிழப்புத்தான், அதைக் கப்பல் டிக்கட்டைக் கொண்டு அளக்கக் கூடாது என்பார்கள் ஒரு சாரார். எதிர்முகாமினர், கடல் கடந்துபோன உழைக்கும் மக்களின் கண்ணீரை எழுதுங்கள், உங்கள் பாசாங்கு தானே தீர்ந்துவிடும் என்பார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று ஜென்ம விரோதிகள் என்று நம்மிடையே ஒரு நம்பிக்கை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடலில் போனவனை நேருக்கு நேர் பார்க்க மறுப்பதில் இரண்டும் ஒரே கட்சி. ஒன்று அவனைப் படிமமாக்குகிறது. மற்றது ஈரக் கைக்குட்டையாக்குகிறது.

இதைக் காட்ட நான் எடுத்துக்கொள்வது பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரீபியன் பகுதியை விட்டு வெளியேறிய கப்பல் பயணிகளை. அங்கே கொண்டுவரப்பட்டவர்களை அல்ல. ஆப்பிரிக்க அடிமைகள், அவர்களுக்குப் பின் வந்த நம் ஒப்பந்தக் கூலிகள் என்று, கொண்டுவரப்பட்டவர்களைப் பற்றி நமக்கு ஏதோ கொஞ்சம் தெரியும். அந்தத் தீவுகளிலிருந்து புறப்பட்டுப் போனவர்கள் நம் மனச்சித்திரத்திலேயே இல்லை. இல்லாததற்குக் காரணம் இருக்கிறது. கொண்டுவரப்பட்டவனைப் பரிதாபத்துக்குரியவனாக வைத்துக்கொள்ளலாம். தானே மூட்டை கட்டித் துறைமுகத்துக்கு நடந்து போகிறவனை அப்படி வைத்துக்கொள்வது கடினம். அவனுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு நம் கவிதைக்கும் இடைஞ்சல், நம் கண்ணீருக்கும் இடைஞ்சல்.

1

முதலில் நவீனத்துவ நண்பர்கள். நாடிழப்பை மகத்தான கவிதைப் பொருளாக நமக்குக் காட்டியவர்களில் ஸான்-ஜான் பெர்ஸ் ஒருவர். அவருடைய 'அனபாஸ்' நெடுங்கவிதையை 1930-ல் எலியட் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். எலியட் தொட்டதெல்லாம் நமக்குப் பிரசாதம், ஆகவே பெர்ஸும் நம் மேஜைக்கு வந்து சேர்ந்தார். 1942-ல் நாடிழப்பு என்பதையே தலைப்பாகக் கொண்ட ஒரு கவிதை. 1960-ல் நோபல் பரிசு. அவருடைய கவிதையின் தகுதி இங்கே பிரச்னை அல்ல. 1940-ல் விஷி அரசு அவர் குடியுரிமையைப் பறித்தது. அந்தத் தலைப்பை வைக்க அவருக்கு உரிமை இருந்தது. பிரச்னை, அந்த உரிமையைத் தங்களுக்கும் சேர்த்து எழுதிக்கொண்ட வாசகர்கள்.

பெர்ஸின் இயற்பெயர் அலெக்ஸிஸ் லெஜே. 1887-ல் பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில், தோட்ட முதலாளிகளும் வக்கீல்களுமான வெள்ளைக் குடும்பத்தில் பிறந்தவர். 1899-ல், அவருக்குப் பன்னிரண்டு வயது நிறைவதற்கு முன், குடும்பம் கப்பலேறிப் பிரான்ஸுக்குப் போய்விட்டது. அதாவது, நூற்றாண்டின் கடைசி விளிம்பில் கரீபியனை விட்டு வெளியேறிய கடல் பயணிகளில் அந்தப் பையனும் ஒருவன். ஏன் வெளியேறினார்கள்? சர்க்கரைத் தொழில் நொடித்துக்கொண்டிருந்தது. 1897-ல் பூகம்பம். 1898-ல் லெஜிதிமுஸ் என்ற கறுப்பு சோஷலிஸ்ட் பாரிஸ் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். ஒரு வர்க்கத்தின் கையிலிருந்து ஒரு தீவு நழுவிக்கொண்டிருந்தது. பெர்ஸின் இளமைக் கவிதையில் ஒளிரும் அந்த இழந்த சொர்க்கத்துக்கு இப்படி ஒரு விலாசம் உண்டு. கவிதையை ரசிக்க விலாசம் தேவையில்லை என்று சொல்லலாம். ரசிக்கத் தேவையில்லைதான். ஆனால் அந்த ஏக்கத்தை 'நவீன மனிதனின் நிலை' என்று தூக்கி நிறுத்தும்போது விலாசத்தைக் கேட்காமலிருப்பது விமர்சனம் அல்ல.

அந்த வீட்டில் பையனை வளர்த்த தாதிகளில் ஒருத்தி இந்தியப் பெண். சிவனுக்கு ரகசியமாகப் பூசை செய்தவள் என்று பிற்காலத்தில் பெர்ஸே தன் வாழ்க்கைக் குறிப்பில் சொல்லிக்கொண்டார். கவிஞனின் பிறப்புக்குக் கொஞ்சம் சாம்பிராணி வாசனை சேர்ப்பது அங்கே அவளுக்குக் கிடைத்த வேலை. ஆனால் அவள் அந்தத் தீவுக்கு வந்தது சாம்பிராணிப் புகை வழியாக அல்ல. 1848-ல் அடிமைமுறை ஒழிந்தபின், 1854-க்கும் 1889-க்கும் இடையில் சுமார் 42,000 இந்தியர்கள் குவாதலூப்புக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கப்பல்கள் பெரும்பாலும் புறப்பட்டது பாண்டிச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும். அந்தத் தீவில் இன்றும் மாரியம்மன் இருக்கிறாள்.

அதே தீவில், கபெஸ்தேர் என்ற ஊரில், 1863-ல் ஒப்பந்தக் கூலிகளின் பிள்ளையாகப் பிறந்தவர் ஆன்ரி சிதம்பரம். அவர் எங்கும் போகவில்லை. தீவில் பிறந்த இந்தியர்களுக்கு ஓட்டுரிமை இல்லை என்ற ஏற்பாட்டை எதிர்த்து 1904-ல் வழக்குத் தொடங்கினார். முடிவு சாதகமாக வர 1923 ஆயிற்று. ஒருவர் ஐம்பத்து மூன்றாம் வயதில் குடியுரிமையை இழந்தார், அது கவிதையாயிற்று, உலகம் படித்தது. மற்றவர் இல்லாத குடியுரிமையை வாங்கப் பத்தொன்பது வருஷம் கோர்ட்டில் நின்றார். நாடிழப்பைப் பற்றி நாம் எழுதித் தள்ளிய கட்டுரைகளில் முதலாமவர் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது, இரண்டாமவர் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று நண்பர்கள் எண்ணிப் பார்க்கட்டும். இத்தனைக்கும் இரண்டாமவர் பெயர் தமிழ்ப் பெயர்.

2

காபினிலிருந்து டெக்குக்கு வருவோம். மதராஸிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த ரஜூலா கப்பலை 1973-ல் நிறுத்தும்வரை, 'டெக் டிக்கட்' என்றால் என்ன என்று தஞ்சை, ராமநாதபுரம் ஜில்லாக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கூரை இல்லாத, அல்லது கித்தான் மட்டுமே கூரையான தளத்தில், பாயை விரித்த இடமே தன் இடம் என்று போகிற பயணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரீபியனை விட்டுப் போனவர்களில் மிகப் பெரும்பாலோர் இப்படிப் போனவர்கள்.

பார்படோஸ் தீவை எடுத்துக்கொள்வோம். பரப்பு 166 சதுர மைல். 1838-ல் பிரிட்டிஷ் தீவுகளில் அடிமைகள் முழு விடுதலை பெற்றார்கள். பார்படோஸில் விடுதலை பெற்றவனுக்கு நிற்க இடமில்லை. நிலம் முழுக்கத் தோட்டங்களின் கையில். தோட்டத்து மனையில் குடியிருக்கலாம், ஆனால் அதே தோட்டத்தில் வேலை செய்தால்தான். வேலையை விட்டால் மனையையும் விட வேண்டும். ஆகவே அங்கே ஒரு வகை மரவீடு தோன்றியது. பலகை பலகையாகப் பிரித்து வண்டியில் ஏற்றி வேறு இடத்தில் மறுபடி நிறுத்திக்கொள்ளலாம். கட்டிடக்கலை நூல்கள் இன்று இந்த வீட்டைப் படம் போட்டுப் பாராட்டுகின்றன. அது அழகுக்காகப் பிறந்த வடிவம் அல்ல. வீடு உனக்குச் சொந்தம், அதன் கீழே உள்ள மண் சொந்தமல்ல என்ற நிலைமை மரத்தில் எடுத்த உருவம்.

தெற்கே டெமராராவில், டிரினிடாடில் ஆள் பற்றாக்குறை, கூலி அதிகம். பார்படோஸ்காரன் புறப்பட்டான். உடனே தோட்ட முதலாளிகளின் சட்டசபை விழித்துக்கொண்டு குடிபெயர்வுக்குத் தடை போட்டது. ஆள் பிடிக்கும் ஏஜெண்டுகளுக்குத் தண்டனை. போகிறவன் தன்னை நம்பியிருக்கும் குடும்பத்தை ஆதரவற்று விட்டுப்போகவில்லை என்று சான்றிதழ் வாங்க வேண்டும். இந்தச் சான்றிதழைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். தாயை ஒரு தோட்டத்துக்கும் பிள்ளையை இன்னொரு தோட்டத்துக்கும் விற்று இருநூறு வருஷம் வியாபாரம் செய்தவர்களுக்கு, அவன் தானாகப் புறப்பட்டதும் அவன் குடும்பத்தின் மீது கரிசனம் பொங்குகிறது! குடும்பப் பாசம், தாய்மண் பாசம் என்ற சொற்கள் துறைமுக வாசலில் நின்று யாருக்காகப் பேசுகின்றன என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

நான் சொல்ல வருவது இதுதான். அந்த டெக் பயணியின் புறப்பாடு ஒரு சோக நாடகத்தின் முதல் காட்சி அல்ல. அது ஒரு தீர்ப்பு. நீ தரும் கூலிக்கு, நீ போடும் சட்டத்துக்குக் கீழே நான் இருக்க மாட்டேன் என்று, மேடையோ பத்திரிகையோ ஓட்டோ இல்லாதவன் காலால் எழுதிய விமர்சனம். முதலாளிக்கு அது புரிந்தது. ஆகவேதான் சட்டம் போட்டான். நம் கவிஞனுக்கும் நம் கண்ணீர்க்காரருக்கும்தான் புரியவில்லை.

3

இதைக் கேட்டதும், புறப்பட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பார்கள். பனாமாவைச் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். 1850-ல் தொடங்கி 1855-ல் முடிந்த பனாமா ரயில் பாதையின் நீளம் எண்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஜமைக்காவிலிருந்தும் மற்றத் தீவுகளிலிருந்தும் போனவர்கள் சதுப்பில் நின்று போட்ட பாதை. கம்பெனி சாவுகளுக்கு ஒழுங்கான கணக்கு வைக்கவில்லை. வைத்த சொற்பக் கணக்கும் வெள்ளை வேலையாட்களைப் பற்றியது. பிறகு 1881-ல் தெ லெஸெப்ஸின் பிரெஞ்சுக் கம்பெனி கால்வாய் வெட்ட வந்தது. மறுபடியும் கிங்ஸ்டனிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள். மஞ்சள் காய்ச்சலிலும் மலேரியாவிலும் செத்தவர்கள் இருபதாயிரத்துக்கும் மேல் என்பது பின்னால் போட்ட மதிப்பீடு. மதிப்பீடுதான், ஏனென்றால் ஆஸ்பத்திரிக்கு வெளியே செத்தவனை எண்ண யாரும் இல்லை. 1889-ல் கம்பெனி திவாலாயிற்று. பாரிஸில் பங்கு வாங்கி ஏமாந்தவர்களைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதினார்கள். கால்வாய்க் கரையில் சம்பளம் நின்றுபோய்த் தவித்த ஜமைக்காக்காரர்களில் ஆயிரக்கணக்கானவர்களை ஜமைக்கா அரசாங்கம் தன் செலவில் கப்பலேற்றித் திருப்பிக் கொண்டுவர வேண்டியிருந்தது.

கதை இங்கே முடிந்தால் கண்ணீர்க்காரருக்குச் சௌகரியம். முடியவில்லை. 1904-ல் அமெரிக்கர்கள் கால்வாயைத் தொடர்ந்தபோது தீவுகளிலிருந்து மறுபடி ஆட்கள் போனார்கள், முன்னைவிட அதிகமாக. செத்தவர்களின் ஊரிலிருந்தே போனார்கள். தெரியாமல் போனார்களா? தகப்பன் திரும்பாத வீட்டுப் பிள்ளைக்குப் பனாமாவைப் பற்றி யார் பாடம் எடுக்க வேண்டும்? சாவையும் கூலியையும் இரண்டு தட்டில் வைத்துப் பார்த்துப் போனான். திரும்பி வந்தவன் புதுக் கோட்டும் கடிகாரச் சங்கிலியுமாகத் தெருவில் நடந்தான். ஜமைக்காவில் அவனைக் கேலி செய்து நாட்டுப்பாடலே இருக்கிறது. மரணத்தையும் அலட்டலையும் ஒரே மனிதனுக்குள் வைத்துப் பார்க்க அந்தப் பெயர் தெரியாத பாட்டுக்காரர்களால் முடிந்திருக்கிறது. நம் முற்போக்குச் சிறுகதையில் கூலிக்குக் கடிகாரச் சங்கிலி அணிய அனுமதி உண்டா? அணிந்தால் அவன் வர்க்கத் துரோகி. அணியாமல் செத்தால் கதாநாயகன்.

4

இப்போது பெயர் விவகாரம். அக்காலப் பத்திரிகைகளில் கப்பல் வருகை, புறப்பாடு பற்றி ஒரு பத்தி இருக்கும். காபின் பயணிகளுக்குப் பெரும்பாலும் பெயர் உண்டு: இன்னார், அவர் மனைவி, குழந்தைகள் இருவர். அதற்குக் கீழே 'டெக்கில் இத்தனை பேர்' என்று ஒரு எண். இதைப் பார்த்ததும் நம்மில் மென்மனம் படைத்தவர்கள், பெயரற்றவர்களுக்குப் பெயர் தருவதே இலக்கியத்தின் கடமை என்று கிளம்பிவிடுவார்கள். அழகான வாசகம். ஆனால் பெயர் எழுதப்பட்ட ஏழை ஒருவனும் அதே கடலில் இருந்தான். கல்கத்தாவிலோ மதராஸிலோ கப்பலேறிய ஒப்பந்தக் கூலி. அவனுக்குத் தரப்பட்ட குடிபெயர்வுச் சீட்டில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஊர், ஜில்லா, உயரம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதியிருந்தார்கள். ஒரு நாவலாசிரியன் தன் பாத்திரத்தைப் பற்றிச் சேகரிக்கக்கூடியதைவிட அதிகம். ஏன்? ஓடிப்போனால் பிடிக்க வேண்டும். ஐந்து வருஷத்துக்கு அவன் மேல் ஒருவனுக்குப் பாத்தியதை இருந்தது. சுதந்திரமாகக் காசு கொடுத்து டெக் டிக்கட் வாங்கிய பார்படோஸ்காரன் மேல் யாருக்கும் பாத்தியதை இல்லை. ஆகவே பெயரும் இல்லை.

ஆகவே பெயர் எழுதுவதே மீட்பு என்று நம்ப வேண்டாம். பெயர் யாருடைய பேனாவில் எதற்காக எழுதப்படுகிறது என்பதுதான் கேள்வி. சிதம்பரம் என்பதைத் தன் காதுக்குக் கேட்டபடி எழுதிய பிரெஞ்சு குமாஸ்தாவும் பெயர் 'தந்தவன்'தான். ஆவணத்திலிருந்து ஒரு பெயரை உருவி எடுத்துக் கவிதையின் நடுவில் வைத்துவிட்டு, சரித்திரத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது என்று எழுந்துபோகிறவனுக்கும் அந்தக் குமாஸ்தாவுக்கும் கையெழுத்தில்தான் வித்தியாசம்.

5

பயணியைப் புனிதனாக்குவதும் அவனைப் பார்க்காமலிருக்க ஒரு வழி. 1865 ஏப்ரலில் 'கோரா' என்ற கப்பல் பார்படோஸிலிருந்து 346 பேருடன் லைபீரியாவுக்குப் புறப்பட்டது. மூதாதையர் அடிமையாக இழுத்துவரப்பட்ட கடலைத் திரும்பிக் கடந்து, ஆப்பிரிக்காவில் ஒரு கறுப்புக் குடியரசுக்குப் போனார்கள். எழுச்சிமிக்க காட்சி. ஒரு காவியத்துக்குப் போதும். கப்பலில் இருந்த சிறுவர்களில் ஒருவன் ஆர்தர் பார்க்ளே. 1904-ல் லைபீரியாவின் ஜனாதிபதியானான். காவியம் முடிந்தது என்று ஏட்டைக் கட்டலாம். ஆனால் அந்தக் குடியரசில் கடல் கடந்து வந்த குடியேறிகள் எஜமானர்கள், அந்த மண்ணின் பூர்வகுடிகள் வேலைக்காரர்கள். அந்த ஏற்பாடு 1980-ல் துப்பாக்கி முனையில் உடைந்தது. ஒரு கரையில் அடிமையின் பேரன், மறு கரையில் ஆளும் ஜாதி. ஒரே மனிதன், ஒரே மூட்டை. இதை எழுத நம்மிடம் மொழி இருக்கிறதா? இரண்டு நிறத்தில் மட்டும் வர்ணம் பூசத் தெரிந்த மொழி இதற்குப் போதாது.

இன்னொரு பயணி மேரி ஸீகோல். கிங்ஸ்டனில் பிறந்த கலப்பினப் பெண், மருத்துவம் தெரிந்தவள். 1851-ல் பனாமாவுக்குப் போய் ஹோட்டல் நடத்தினாள், காலராவுக்கு வைத்தியம் செய்தாள். 1857-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் ஒரு சம்பவம் சொல்கிறாள். பனாமாவிலிருந்து ஜமைக்கா திரும்ப அமெரிக்கக் கப்பலில் பணம் கட்டி ஏறியவளை, அமெரிக்கப் பெண்கள் தங்களோடு ஒரே கூடத்தில் உட்காரக் கூடாது என்று கூச்சலிட்டார்கள். இறங்க வேண்டியதாயிற்று. இரண்டு நாள் காத்திருந்து ஆங்கிலக் கப்பலில் போனாள். இதை எழுதிய அதே பெண், தன் உடம்பில் ஓடும் ஸ்காட்லாந்து ரத்தத்தைப் பற்றிப் பெருமையடிக்கிறாள். ஏகாதிபத்திய ராணுவத்துக்குச் சேவை செய்யக் கிரிமியாவுக்குத் தானே வலியப் போகிறாள். வரலாறு அவளை ஒரு சமயம் மறந்தது, பின்பு தூக்கிவைத்துக் கொண்டாடியது. இரண்டையும் தாண்டி, காபினுக்குக் காசு இருந்தும் காபினில் இடமில்லாத அந்த இரண்டு நாள் காத்திருப்புத்தான் எனக்கு முக்கியம். அந்நியமாதலுக்கு ஸ்தூலமான உருவம் வேண்டுமானால் அங்கே இருக்கிறது. அதை அவள் அழாமல், எரிச்சலும் கிண்டலுமாக எழுதினாள்.

6

நவீனத்துவம் லண்டனிலும் பாரிஸிலும் உற்பத்தியாகி, அங்கிருந்து கப்பலில் மற்ற இடங்களுக்கு அனுப்பப்பட்டது என்பது நம் பாடத்திட்டம். கப்பல் எதிர்த்திசையிலும் ஓடியது. 1871 ஜனவரியில் ஹவானாவிலிருந்து ஸ்பெயினுக்கு நாடுகடத்தப்பட்ட ஹொஸே மார்த்திக்கு அப்போது பதினெட்டு வயது நிரம்பவில்லை. காலில் விலங்கோடு கல்லுடைத்த தழும்பு இருந்தது. பிறகு நியூயார்க் வாசம். 1882-ல் அங்கே அவர் வெளியிட்ட சிறு கவிதைத் தொகுதியை ஸ்பானிய மொழி நவீனத்துவத்தின் தொடக்கங்களில் ஒன்றாகச் சொல்கிறார்கள். எலியட் பிறப்பதற்கு ஆறு வருஷம் முன்பு.

மார்த்தி தனியாள் அல்ல. 1868-ல் கியூபாவில் சுதந்திரப் போர் வெடித்தபின் சுருட்டுத் தொழிலாளர்கள் படகுகளிலும் கப்பல்களிலும் ஃபுளோரிடாவுக்குப் போனார்கள், முதலில் கீ வெஸ்ட், பின்பு டாம்பா. கூடவே ஒரு வழக்கத்தைக் கொண்டுபோனார்கள். பட்டறையில் உயரமான மேடையில் ஒருவர் உட்கார்ந்து உரக்கப் படிப்பார், மற்றவர்கள் சுருட்டிக்கொண்டே கேட்பார்கள். காலையில் செய்தித்தாள், பிறகு நாவல். ஸெர்வாண்டிஸ், ஹ்யூகோ, ஸோலா. படிப்பவருக்குச் சம்பளம் முதலாளி தரவில்லை, தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து போட்டுக் கொடுத்தார்கள். எந்தப் புத்தகம் என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். 1931-ல் டாம்பா முதலாளிகள் அந்த மேடைகளை அப்புறப்படுத்தி ரேடியோ வைத்தார்கள். முந்நூறு பிரதி அச்சடித்து அதில் பாதியைக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கும் நாம், வாசகன் இல்லை என்று புலம்பும்போது, இந்தப் புகையிலைப் பட்டறையை நினைத்துப் பார்ப்பது நல்லது. எழுத்தறியாதவனும் அங்கே வாசகன். தன் காசு கொடுத்து ஸோலாவை வரவழைத்தவன்.

இன்னொரு தகவல். எலியட்டின் 'பாழ்நிலம்' அமெரிக்காவில் 1922-ல் போனி அண்ட் லிவரைட் கம்பெனி வழியாகப் புத்தகமாயிற்று. அதே கம்பெனி 1926-ல் எரிக் வால்ரண்டின் 'ட்ராபிக் டெத்' கதைத் தொகுதியை வெளியிட்டது. வால்ரண்ட் 1898-ல் கயானாவில் பிறந்து, பார்படோஸிலும் பனாமாவிலும் வளர்ந்து, நியூயார்க் போய்ச் சேர்ந்தவர். பனாமா போன டெக் பயணிகளின் பேச்சை, தீவுக்குத் தீவு மாறும் கொச்சையை, துண்டு துண்டாக ஒட்டி எழுதினார். உடைந்த வடிவம், பல குரல்கள், மரணம் என்று எலியட்டுக்காக நாம் அடுக்கும் விசேஷணங்கள் எல்லாம் இங்கேயும் பொருந்துகின்றன. வித்தியாசம், இங்கே உடைந்திருப்பது நாகரிகம் என்ற அருவம் அல்ல, ஒரு மனிதனின் முதுகெலும்பு. ஒரே பதிப்பாளர், நான்கு வருஷ இடைவெளி. ஒன்றை மனப்பாடம் செய்தோம். மற்றதன் பெயர்கூட நமக்கு வந்துசேரவில்லை. உலக இலக்கியத்தை நேராகப் பார்க்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் நாம் யாருடைய கண்ணாடியை மூக்கில் மாட்டியிருக்கிறோம்?

7

கடைசியாக நம்மவர்கள். கரீபியனை விட்டுப் புறப்பட்ட கப்பல்களில் நம் பக்கம் திரும்பியவையும் உண்டு. ஒப்பந்தத்தில் திரும்பு பயணத்துக்கு உரிமை எழுதியிருந்தது. 1838-ல் பிரிட்டிஷ் கயானாவுக்குப் போன முதல் இந்தியர்களில் உயிரோடு எஞ்சியவர்களில் பெரும்பாலோர் 1843-ல் அந்த உரிமையைக் கேட்டு வாங்கித் திரும்பிவிட்டார்கள். 1917 வரை அங்கே போன சுமார் 2,39,000 பேரில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் திரும்பியிருக்கிறார்கள். இந்தத் திரும்பு கப்பல் எந்த நாட்டுக்குக் கிடைத்த பாட்டுப் பொருள்! தாய்மண், தாய்மொழி, கரை தெரிந்ததும் கண்ணீர்.

ஆனால் திரும்பியவர்களில் ஒரு பகுதியினர் சில மாதங்களிலோ வருஷங்களிலோ மறுபடியும் டிப்போவுக்குப் போய், ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, அதே கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறினார்கள். ஆவணங்களில் இது திரும்பத் திரும்ப வருகிறது. தோட்டத்தின் கொடுமை தெரியாமல் போனவர்கள் அல்ல. ஐந்து வருஷமோ பத்து வருஷமோ அதை உடம்பால் அறிந்தவர்கள். பின் ஏன்? ஊரில் அவனுக்காக என்ன காத்திருந்தது என்று கேட்க வேண்டும். கடல் தாண்டியதால் ஜாதி கெட்டது என்ற பேச்சு, பிராயச்சித்தச் செலவு, சேமிப்பைக் கறக்க வந்த உறவு. கப்பலில் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டவனுக்கு ஊரில் மறுபடியும் தனித் தெரு. அவன் இரண்டு இடத்தையும் பார்த்தவன். இரண்டையும் எடைபோட்டு, சவுக்கு இருந்த இடத்துக்கே திரும்பிப் போனான் என்றால், அது தோட்டத்துக்குக் கொடுத்த நற்சான்று அல்ல. ஊருக்கு எதிராகக் கொடுத்த சாட்சியம்.

இந்தச் சாட்சியத்தைத்தான் நம் கண்ணீர் இலக்கியம் அமுக்குகிறது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களைப் பற்றிப் பாரதி எழுதியபோது ஒப்பந்தமுறை உயிரோடு இருந்தது. அந்தக் கண்ணீர் ஒரு ஆயுதம். அந்த முறை ஒழிந்து நூறு வருஷத்துக்கு மேலாயிற்று. இப்போதும் அதே கண்ணீரை அதே இடத்திலிருந்து இறைப்பதால் ஒரு காரியம் நடக்கிறது: துரத்தப்பட்ட ஊர், பிரிந்து வாடும் தாய் வீடாக வெள்ளையடிக்கப்படுகிறது. கங்காணியையும் ஏஜெண்டையும் வில்லனாக்கிவிட்டால் பண்ணையாரும் அக்ரஹாரமும் நடுத்தெருவும் பார்வையாளர் வரிசைக்குப் போய்விடலாம், அங்கிருந்து மற்றவர்களோடு சேர்ந்து அழலாம்.

நவீனத்துவ நண்பரும் இதைத்தான் வேறு விதமாகச் செய்கிறார். 'நாம் எல்லோருமே நாடிழந்தவர்கள்' என்று அவர் எழுதும்போது, யாரும் யாரையும் வெளியேற்றவில்லை என்று ஆகிவிடுகிறது. எல்லோரும் அகதி என்றால் கதவைச் சாத்தியவன் யார்?

கவிஞனுக்கு உருவகத்தைக் கையாள உரிமை இல்லையா என்று கேட்பார்கள். தாராளமாக உண்டு. கடலை எழுதட்டும், கப்பலை எழுதட்டும். ஆனால் அந்தக் கப்பலில் தன் இடம் எது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். டிக்கட்டுக்கு யார் காசு கொடுத்தது, யார் தடுத்தது, போகிறவன் எதை வேண்டாம் என்று விட்டுப்போனான் என்ற மூன்று விஷயங்கள் கவிதைக்குள் வராமல் போகலாம். எழுதுகிறவன் மண்டைக்குள் வராமல் போகக் கூடாது. காபினில் படுத்துக்கொண்டு டெக்கின் குளிரைப் பாடுவதற்குப் பெயர் அனுபவ விரிவு அல்ல. அடுத்த இதழுக்குக் கடல் கவிதை அனுப்ப உத்தேசித்திருக்கும் நண்பர்கள் ஏட்டைத் திறக்குமுன், திரும்பி வந்தவன் ஏன் மறுபடி போனான் என்ற கேள்விக்குத் தங்கள் ஊரைச் சுற்றி நடந்து பதில் தேடட்டும். தெருக்களின் பெயர்களைப் படித்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.